எத்தனை அடியில் சிம்மாசனம்?

பனிமூட்டத்தில் ஆற்றங்கரையின் அகழாய்வுக் குழிகள் மிதப்பதுபோலத் தெரிந்தன. அகழாய்வு இயக்குநர் திருவேங்கடம், பார்வையிட வந்த ஆய்வுக் குழுவினரை அழைத்து வந்து, "இது அரண்மனைதான். அறிக்கைகூட எழுதிவிட்டேன்" என்றார். பிறகு குழிக்குள் மண் அள்ளிக்கொண்டிருந்த சீனியம்மாளிடம், "மாலைக்குள் சிம்மாசனத்தின் துண்டு ஒன்றாவது வேண்டும். இல்லையென்றால் நாளை வேலைக்கு வராதே" என்று அதட்டினார்.

"எடுத்துரலாம் ஐயா. எத்தனை அடியில கிடைக்கணும்னு சொல்லுங்க. நானே அங்க வச்சு எடுத்துத் தந்துருவேன்" என்றாள் அவள் பணிவாக.

குழுவினர் சிரித்துவிட்டார்கள். இயக்குநர் அறிக்கையை மடித்துப் பைக்குள் திணித்தார்.

குழுத் தலைவி குனிந்து, "உண்மையில் என்னம்மா கிடைத்தது?" என்று கேட்டார்.

சீனியம்மாள் ஒரு பானைத் துண்டை நீட்டினாள். அதில் சின்னதாக ஒரு பள்ளம். "ஈரமா இருந்தப்போ யாரோ விரல் வச்சிருக்காங்க. ராஜாவா, குயவரான்னு மண்ணு சொல்லலம்மா."

தலைவி அந்தப் பள்ளத்தில் தன் விரலை வைத்தார். அச்சாகப் பொருந்தியது. வெகுநேரம் அவர் விரலை எடுக்கவே இல்லை.