கைக்குள் இருந்த கடல்

காங்கேயம் பக்கத்து மண்ணில் கிணறு வெட்டினால், சில சமயம் தண்ணீருக்கு முன்னால் கல் வரும். அக்வாமரைன் என்று இன்றைக்கு நகைக்கடையில் விற்கிறார்களே, அந்த இளநீலக் கல்தான். பட்டை தீட்டிப் பதக்கத்தில் பதித்தால் கழுத்தில் கடல் கிடக்கும்.

பண்ணையார் தோட்டத்தில் கிணறு வெட்டிய கூலியாள் ராக்கியண்ணன் அப்படியொரு கல்லைப் பெயர்த்தபோதுதான் மண் சரிந்தது. அவன் உடம்பை மேலே தூக்கினார்கள். மூடிய கைக்குள் கல் இருந்தது.

"விரலைப் பிரிங்கடா. மக கல்யாணப் பதக்கத்துக்கு ஆச்சு," என்றார் பண்ணையார். "என் மண்ணுக்குள்ள இருந்து வர்றதெல்லாம் எனக்குத்தான் சொந்தம்."

தலைமாட்டில் இருந்த அவன் மனைவி பாவாயி எழுந்தாள். அழுகையை முழுங்கிக்கொண்டு கும்பிட்டாள்.

"வாஸ்தவமுங்க எசமான். என் புருசனும் உங்க மண்ணுக்குள்ள இருந்துதானுங்க வந்தாரு. அவரையும் எடுத்துக்குங்க. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. செத்தவங்க சொத்தை எடுக்கறவங்கதானுங்களே கொள்ளி வைக்கோணும்? மொட்டை போட்டுக்கிட்டு வாங்க, காத்திருக்கிறோம்."

கூட்டத்தில் இருந்த நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு பண்ணையார் பக்கத்தில் வந்து நின்றார்.

மீசை போகும். வீட்டுக்குத் தீட்டு வரும். கல்யாணம் நிற்கும். பண்ணையாரின் கை தானாக மீசைக்குப் போனது.

"அவன் எடுத்த கல்லு அவனுக்கே இருக்கட்டும்," என்று வண்டியேறினார்.

பாவாயி உட்கார்ந்து, புருசனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கல்லை முந்தானையில் முடிந்தாள். கொள்ளிச்சட்டியையும் அவளே தூக்கினாள். பெண்பிள்ளை சுடுகாட்டுக்கு வரலாமா என்று அன்றைக்கு ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.