பலகையில் ஏறாத பாட்டுப்பெட்டி

ஒரு காட்டில் ஒரே ஒரு கார்தான் இருந்தது, பிள்ளைகளே. அது ஒரு முயலுடைய கார். சின்னஞ்சிறு கார்தான். நாலு பேர் ஏறிவிட்டால் ஐந்தாவது ஆளுக்கு மூச்சு விடவும் இடம் இருக்காது. அதற்காக முயலின் பெருமை குறைந்துவிடுமா என்ன? தினமும் காலையில் இலையை ஈரமாக்கிக் காரைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும்.

காடு இருந்தது மலை உச்சியில். வைத்தியர் நாரை இருந்ததோ அடிவாரத்து ஏரிக்கரையில். நடுவில் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். அவசரம் என்றால் எல்லோரும் முயலிடம்தான் ஓடி வர வேண்டும்.

முயல் ரொம்பக் கறார். கார் நிற்கும் இடத்தில், விழுந்து கிடந்த மரத்தின் மேல் ஒரு நீளப் பலகையைப் போட்டு வைத்திருந்தது. பலகையின் ஒரு முனையில் ஒரு கல். சவாரிக்கு வருகிறவர் மூட்டை முடிச்சோடு மறுமுனையில் ஏறி நிற்க வேண்டும். கல் மேலே எழும்பிவிட்டால் போச்சு, மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத்தான் காரில் ஏறலாம்.

ஒருநாள் செம்பி என்ற சருகுமான் நாவல்பழ மூட்டையோடு வந்தது. சருகுமான் தெரியுமில்லையா? முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது, பயந்த சுபாவம். கூடவே அதன் குட்டி புள்ளியும் வந்தது.

செம்பி பலகையில் ஏறியதும் கல் எழும்பியது.

"மூட்டையை இறக்கு, செம்பி" என்றது முயல்.

"அடிவாரத்தில் என் தங்கைக்கு உடம்பு சரியில்லை, முயலண்ணே. ஆசையாகக் கேட்டாள். இந்த ஒரு தடவை விடக்கூடாதா?"

"சின்ன வண்டி இது. பின்னால் கனம் ஏறினால் வளைவில் சொன்ன பேச்சுக் கேட்காது. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்."

செம்பி மூட்டையை இறக்கி வைத்தது. முகம் வாடிப்போனாலும் மறுபேச்சுப் பேசவில்லை. முயல் சொன்னது நியாயம்தானே.

மறுநாள் குரங்கு வந்தது. எதைக் கண்டாலும் கை வைக்காமல் இருக்க முடியாத குரங்கு. நகரத்துப் பக்கம் போய்வந்த அது, தரதரவென்று எதையோ இழுத்துக்கொண்டு வந்தது. முயல் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு ஆம்ப்ளிஃபயர், அதற்கென்று தனியாக ஒரு பேட்டரி.

"உன் காரில் எல்லாம் இருக்கிறது, பாட்டுதான் இல்லை" என்றது குரங்கு. "டிக்கியில் வைத்துத் தருகிறேன். மலையே அதிரும். எனக்கு மூன்று மாதம் ஓசிச் சவாரி போதும்."

முயலுக்கு ஏற்கெனவே நீளக் காது. அதில் பாட்டு வேறு விழுந்தால் கேட்க வேண்டுமா? உடனே தலையாட்டிவிட்டது. குரங்கு பெட்டிகளை டிக்கியில் அடைத்தது. ஆடாமல் இருக்க ஒரு கொடியால் சுற்றி, கொடியின் நுனியை ஓட்டுநர் இருக்கையின் காலில் இறுக்கிக் கட்டியது.

அன்று முழுக்க மலை அதிர்ந்தது. முயலுக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் மெக்கானிக் ஆமையிடம் கார் போனது. ஆமை எதையும் அவசரமாகப் பார்க்காது. காரை ஒரு சுற்றுச் சுற்றி வரவே வெகுநேரம் ஆனது.

"பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது" என்றது ஆமை. "ஸ்டீயரிங் எப்படி இருக்கிறது?"

"பஞ்சுமாதிரி இருக்கிறது. ஒரு விரலால் திருப்பலாம்" என்று முயல் சந்தோஷமாகச் சொன்னது.

"அதுதான் எனக்குக் கவலை. முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இந்தப் பெட்டிகளைப் பலகையில் வைத்துப் பார்த்தாயா?"

முயல் சிரித்தது. "சவாரிக்கு வருகிறவர்களைத்தான் பலகையில் ஏற்றுவேன். இது என் வண்டியிலேயே இருக்கிற பொருள். அதுவும் பாட்டு. பாட்டுக்கு ஏது எடை?"

"பாட்டுக்கு இல்லை. பெட்டிக்கு இருக்கிறது" என்றது ஆமை.

முயல் காதில் வாங்கினால்தானே.

நாலைந்து நாள் போனது. ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாகச் செம்பி ஓடி வந்தது. முதுகில் புள்ளி துவண்டு கிடந்தது. குட்டியின் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

"கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறான், முயலண்ணே. நாரை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்."

செம்பி தானாகவே பலகையில் ஏறி நின்றது. அந்த அவசரத்திலும் வழக்கத்தை மறக்கவில்லை. கல் அசையவில்லை. முயல் இருவரையும் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

மலைப்பாதையில் மூடுபனி. முதல் வளைவிலேயே காரின் பின்பக்கம் லேசாக வெளியே இழுத்தது. முயல் பாட்டை நிறுத்தியது. பாட்டை நிறுத்தினால் பாரம் குறைந்துவிடும் என்று அதற்கு ஒரு நினைப்பு. இரண்டாவது வளைவில் இன்னும் கொஞ்சம் இழுத்தது. பிரேக்கை மிதித்தாலும் நிற்க வேண்டிய இடத்தில் கார் நிற்கவில்லை.

"மெதுவாகப் போகலாமா, அண்ணே?" என்று செம்பி கேட்டது.

"மெதுவாகத்தான் போகிறேன்" என்றது முயல். உண்மையும் அதுதான்.

ஆறாவது வளைவு. முயல் ஸ்டீயரிங்கைத் திருப்பியது. முன்சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. பதறிப்போய் பிரேக்கை மிதித்ததும் கனத்த பின்பக்கம் ஒரே வீச்சாக வெளியே சுழன்றது. பின்சக்கரங்கள் பாதையை விட்டு இறங்கிவிட்டன. காரின் வயிறு பாதையின் விளிம்பில் தட்டி நின்றது. டிக்கி பள்ளத்தின் மேல் தொங்கியது. முன்சக்கரங்கள் மெல்ல மேலே எழும்பின.

முயல் அந்த ஆட்டத்தை எங்கேயோ பார்த்திருக்கிறது. தினமும் பார்த்திருக்கிறது. கார்தான் இப்போது பலகை. இந்த முனையில் ஒரு முயல், ஒரு தாய், காய்ச்சலில் கிடக்கிற ஒரு குட்டி. அந்த முனையில் பாட்டுப்பெட்டி.

செம்பி கதவில் கை வைத்தது.

"இறங்காதே, செம்பி. நீ இறங்கினால் முன்பக்கம் இன்னும் தூக்கிவிடும். குட்டியை அணைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்."

"என் பிள்ளை பிழைப்பானா, அண்ணே?"

முயல் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த பிடியை இழுத்தது. பின்னால் டிக்கி திறந்துகொண்டது. ஆனால் பெட்டிகளைக் குரங்கின் கொடி பிடித்திருந்தது. முயல் இருந்த இடத்திலேயே குனிந்து, இருக்கைக் காலில் கட்டியிருந்த கொடியைக் கடித்தது. நறுக், நறுக். கார் இன்னும் ஒரு விரல்கடை எழும்பியது. முயல் நிறுத்தாமல் கடித்தது.

கொடி அறுந்தது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து விழுந்தன. பள்ளத்தின் அடியில் தொம், தொம் என்று சத்தம் கேட்டது. காரின் முன்சக்கரங்கள் கீழே வந்து தரையைப் பிடித்தன. முன்சக்கரம் இழுக்கிற கார் அது. முயல் மெல்ல மெல்லக் காரைப் பாதைக்கு ஏற்றியது. மிச்சமிருந்த மூன்று வளைவிலும் அது சொன்னபடி கேட்டது.

நாரை மருந்து கொடுத்தது. உச்சிப்பொழுதுக்குள் புள்ளி கண்ணைத் திறந்தது. அதைப் பார்த்துச் செம்பி அழுதது. முயல் வெளியே போய் காரின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது.

பத்து நாள் கழித்துக் குரங்கு மறுபடி வந்தது. "அது போனால் போகட்டும். இது சின்னது" என்று ஒரு பெட்டியை நீட்டியது.

"பலகையில் வை" என்றது முயல்.

குரங்கு வைத்தது. கல் எழும்பியது. குரங்கு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியது.

அன்று சவாரிக்கு வந்திருந்த புள்ளிக்கு ஏமாற்றம். "அப்படியானால் இந்தக் காரில் பாட்டே கிடையாதா, மாமா?"

முயல் கொஞ்சம் யோசித்தது. பிறகு பலகையின் மேல் ஏறி நின்று, தன் சொந்தக் குரலில் ஒரு பாட்டுப் பாடியது. சகிக்க முடியாத குரல்தான். புள்ளி விழுந்து விழுந்து சிரித்தது. கல் மட்டும் அசையவே இல்லை.

நீதி: ஊரார் சுமையை நிறுத்துப் பார்க்கிறவர் தம் ஆசையையும் அதே பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும்.