சிவப்புத் தட்டு

"என்னுது சரிங்க மிஸ். எல்லாரும் தப்புங்கறாங்க. நீங்கதான் சொல்லோணும்."

மோனிஷா தன் இரும்புத் தகட்டை ஜெசிந்தா மிஸ்ஸின் மேசையில், சிவப்புத் தட்டுக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தாள். தகட்டின்மேல் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி. போட்டவன் வகுப்பு லீடர் கௌரிசங்கர்.

பல்லடம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி அது. பிளஸ் டூ தொழிற்பிரிவில் பொறியியல் படிக்கிற இருபத்து நான்கு பேருக்கும் அந்த வருடம் செய்முறைத் தேர்வுக்கு ஒரே வேலை. தகட்டின் ஒரு மூலையை அரத்தால் தேய்த்துச் செங்கோணமாக்க வேண்டும். கேட்பதற்கு என்னவோ சுலபம்தான்.

திங்கட்கிழமை வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். இன்று வெள்ளி.

மூலை சரியா என்று பார்க்கப் பட்டறையில் இருப்பது ஒரே ஒரு மூலைமட்டம். 'ட' எழுத்து மாதிரி ஓர் இரும்புச் சாமான். அதைத் தகட்டோடு ஒட்டிவைத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தால், இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. இருபத்து மூன்று பேருக்குத் தெரியவில்லை. மோனிஷாவின் தகட்டில் மட்டும், கௌரிசங்கர் வைத்துப் பார்த்தபோது, கீற்றாகத் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் தேயிங்கறாங்க மிஸ். நான் அளவு குறிச்ச கோட்டுக்கே வந்துட்டேன். இனித் தேச்சா அளவு போயிருமுங்க. வேற தகடும் இல்லீங்க."

மூன்று வாரமாகத் தேய்த்த தகடு. பெண்பிள்ளைக்கு எதற்கு அரமும் இரும்பும் என்று வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் பதிலாக வைத்திருந்தாள்.

ஜெசிந்தா மிஸ்ஸுக்கு இருபத்தெட்டு வயது. ஒரு பம்ப் கம்பெனியில் ஆறு வருடம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வாத்தியார் வேலைக்கு வந்தவர். பேச்சில் படு சிக்கனம்.

"சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு ஓரத்துல முப்பது மில்லி, மறு ஓரத்துல நாப்பது மில்லி குறிச்சேனுங்க. குறுக்க அளந்தா அம்பது வருது. அப்படி வந்தா அது செங்கோணம்னு கணக்குல படிச்சதுதானுங்க."

மிஸ் அளந்து பார்த்தார். ஐம்பது.

"நல்லா யோசிச்சிருக்க."

மோனிஷாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"போய் மூலைமட்டத்த எடுத்துட்டு வா."

எடுத்து வந்தாள். மிஸ் அதை மேசை விளிம்போடு ஒட்டிவைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். பிறகு அதையே மறுபுறம் புரட்டி, அதே புள்ளியில் வைத்து இன்னொரு கோடு இழுத்தார்.

நல்ல மூலைமட்டமாக இருந்தால் இரண்டும் ஒரே கோடாக விழும். இவை அடியில் சேர்ந்திருந்தன. மேலே போகப் போகப் பிரிந்துவிட்டன.

"அப்ப என்னுது சரிங்க மிஸ்!"

"உன்னுது சரி."

"அவங்க எல்லாருதும் தப்பு!"

"தப்புதான். இந்த மூலைமட்டத்த ஜூன்ல ஒரு தடவ சோதிச்சேன். அதுக்கப்புறம் நானும் பார்க்கல. அது என் தப்பு." மிஸ் பென்சிலைக் கீழே வைத்தார். "ஒண்ணு மட்டும் சொல்லு. எல்லாரும் இதை வச்சுப் பார்க்கறப்ப நீ மட்டும் ஏன் முப்பது நாப்பதுன்னு போன?"

நுணலும் தன் வாயால் கெடும். மோனிஷாவின் கண் சிவப்புத் தட்டுக்குப் போனது.

அந்தப் பட்டறையின் முதல் சட்டமே சிவப்புத் தட்டுதான். கீழே விழுந்த அளவுக் கருவியை அலமாரியில் திருப்பி வைக்கக் கூடாது. தட்டில் போட்டுவிட வேண்டும். யார் போட்டது என்று மிஸ் கேட்க மாட்டார், திட்டவும் மாட்டார்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் மோனிஷாவின் கையிலிருந்து மூலைமட்டம் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. இருப்பதே ஒன்று. அதைத் தட்டில் போட்டால் மிஸ் கேட்காவிட்டாலும் வகுப்பே கேட்கும். பேசாமல் அலமாரியில் வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அதை அவள் தொட்டதில்லை. இன்றைக்கு மிஸ் சொல்லித்தான் தொட்டிருக்கிறாள்.

வெட்கத்தில் காது சுட்டது. மெல்ல மூலைமட்டத்தை எடுத்து, சிவப்புத் தட்டின் பக்கம் கொண்டுபோனாள்.

மிஸ் தட்டின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்தார்.

"இருபத்தி மூணு பேரு இதை நம்பித் தேச்சிருக்காங்க. இனி இந்தத் தட்டு பத்தாது."

பக்கத்துக் கூடத்தில் அரங்கள் இழுபடும் சத்தம் கேட்டது.

"அவங்க தகட்டுல இன்னும் மிச்சம் இருக்கா?"

"கோட்டுக்கு அரை மில்லி இருக்குங்க மிஸ். இப்பத்தான் கடைசித் தேய்ப்புத் தேய்க்கறாங்க."

"அரை மில்லி இருந்தா நிமித்திரலாம்."

அவ்வளவுதான். மிஸ் ரெக்கார்டு நோட்டுக் கட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு திருத்த ஆரம்பித்துவிட்டார்.

மோனிஷா நின்றாள். தன் தகட்டைப் பார்த்தாள். அதை மேசையிலேயே விட்டுவிட்டு, மூலைமட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"என்ன, தேச்சுட்டு வரச் சொல்லீட்டாங்களா?" என்றான் கௌரிசங்கர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அவள் கையை உயர்த்தி மூலைமட்டத்தைக் காட்டினாள்.

"யாரும் இனி ஒரு இழுப்புக்கூடத் தேய்க்காதீங்க. இதைக் கீழ போட்டது நான்."