எழுதிப் பார்க்கும் தாள்

இந்தக் கதையில் குரு சிறியவர், சீடர் பெரியவர். தென்காசியில் ஒரு மாடியறையில் படம் வரையச் சொல்லித்தரும் பியூலா டீச்சருக்கு முப்பது வயதுகூட முழுதாக ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரிடம் வரும் ஆவுடையப்பனோ பஸ் கண்டக்டர், பேரன் பேத்தி எடுத்தவர். வயதைப் பார்த்தா வித்தை வருகிறது? இவர் அவரை டீச்சர் என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி பாடத்துக்காக வரவில்லை. வண்ணம், தூரிகை, மிச்சமிருந்த தாள் எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் திணித்துக்கொண்டு, படிக்கிற பிள்ளைகள் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல வந்திருந்தார்.

மனசு குழம்பிக் கிடந்தது. இரண்டு வருஷமாக வரைகிறார். குளித்து, திருநீறு பூசி, தாளின் மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். ஆரம்பித்ததும் கை கட்டையாகிவிடும். ஒரு கோடு போடுவதற்குள் நாலு தடவை அழிப்பார். தாள்தான் சரியில்லை என்று விலை கூடின தாள் வாங்கினார். அதில் ஒரு கோட்டுக்கு எட்டுத் தடவை அழித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வீட்டில் சிரித்தார்கள். கூடப் படிக்கிறவர்கள் வாட்ஸப் குழுவில் போடும் படங்களைப் பார்த்தால் வயிறு எரிந்தது. எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. சரி, விட்டுத் தொலைப்போம் என்று நினைத்தால் அதற்கும் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்புறம் என்ன செய்வது?

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் டீச்சர். எனக்கு வரைய வருமா, வராதா? வராதுன்னா சொல்லிருங்க. இந்தப் பையை இங்ஙனயே வச்சிட்டுப் போயிருதேன்."

டீச்சர் பையையும் பார்த்தார், அவரையும் பார்த்தார்.

"பேனா வாங்கணும். கடை வரைக்கும் வாங்க, அண்ணாச்சி."

அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. வராது என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறாரோ? பையைத் தூக்கிக்கொண்டே படியிறங்கினார்.

ஸ்டேஷனரி கடையில் நல்ல கூட்டம். டீச்சர் ஒரு கை நிறையப் பேனாக்களை அள்ளி அவர் முன்னால் வைத்தார். எது திக்காமல் எழுதுகிறது என்று பார்த்து வைக்கச் சொல்லிவிட்டு, அட்டை வாங்க உள்ளே போய்விட்டார்.

பேனா வாங்குகிறவர்கள் எழுதிப் பார்ப்பதற்கென்று கல்லா ஓரத்தில் ஒரு தாள் கிடந்தது. ஊரார் போட்ட சுழியும் கையெழுத்தும் பாதிப் பெயருமாக அதில் இடமே இல்லை. அண்ணாச்சி ஒரு ஓரமாக ஒரு பேனாவை இழுத்துப் பார்த்தார். திக்கியது. அடுத்ததை எடுத்தார். மனசெல்லாம் டீச்சர் சொல்லாத பதிலிலேயே இருந்தது. ஒருவேளை வரும் என்கிறாரோ? அப்படியென்றால் வாயைத் திறந்து சொன்னால் என்ன? கை பாட்டுக்குப் பேனாவை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்றவர் அவர் பஸ்ஸில் வழக்கமாக வருகிற ஆள். எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"சேவலுக்கு டிக்கெட் போட்டியளா?"

அண்ணாச்சி குனிந்து தாளைப் பார்த்தார். பஸ் சீட்டில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் கட்டைப்பை. பைக்குள்ளிருந்து ஒரு சேவல் தலையை நீட்டி, ஊர் வந்துவிட்டதா என்று பார்த்தது. அதன் கொண்டை யாரோ ஒருவருடைய கையெழுத்தின் மேலேயே ஏறியிருந்தது. ஒரு கோடுகூட நேராக இல்லை. ஆனால் அந்த ஆள் குறட்டை விடுவது கேட்டது.

இது எப்போது நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. சந்தோஷமா, பயமா என்றும் தெரியவில்லை. டீச்சர் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவே இல்லை.

"யாரு வரைஞ்சது?"

"யாரும் வரையல டீச்சர்," என்றார், திருடி மாட்டிக்கொண்டவர் போல. "பேனா எழுதுதான்னுதான் பாத்தேன்."

டீச்சர் கடைக்காரரிடம் கேட்டு அந்தத் தாளை வாங்கிச் சுருட்டிக்கொண்டார். அட்டைக்குக் காசை எண்ணிக் கொடுத்தார். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. தான் மாடியில் கேட்டது அப்படியே நிற்கிறதே, வருமா வராதா என்று மறுபடியும் கேட்டார்.

டீச்சர் அவர் கையிலிருந்த பேனாவைக் காட்டினார்.

"இது எழுதுதா?"

"நல்லா எழுதுது."

"அப்ப இதையே எடுத்துக்கோங்க, அண்ணாச்சி. வீட்டுக்குப் போயும் எழுதுதான்னு மட்டும் பாருங்க."