வலை படாத மடு

"மடுவுல பேய் இருக்கா, இல்லையா? சுத்தி வளைக்காமச் சொல்லு தாயி."

கேட்ட கொம்பையாவுக்கு ஐம்பது வயது. ஆற்றுமீன் பிடிக்கிற பதினோரு வீட்டுக்கும் தலைவன். சிவனம்மாள் இன்னும் முப்பதைத் தாண்டவில்லை. மடுக்கரையில் தனியே இருப்பவள். ஊரில் எவனுக்கும் அடங்காத கொம்பையா அவளிடம் மட்டும் பாடம் கேட்பான். கேட்டுவிட்டுச் சண்டையும் போடுவான்.

"இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா? உனக்கு எது தோது?" என்றாள்.

"விளையாடாதே. ஆறு காய்ஞ்சு கிடக்கு. பதினோரு வீட்டுலயும் அடுப்பு எரியலே. விடிஞ்சா எல்லாரும் செங்கச் சூளைக்குக் கிளம்புறான். போனவன் எவன் திரும்பி வந்திருக்கான்? இந்த ஒரு மடுவுலதான் தண்ணியும் இருக்கு, மீனும் இருக்கு."

மடுவில் வலை போடக் கூடாது. போட்டால் மீன் வராது. போட்டவன் வீட்டு ஆள் ஒருத்தரின் தலைமுடிதான் வலையில் வரும். கொம்பையாவின் பாட்டனுக்கும் பாட்டன் காலத்துப் பேச்சு.

"பாதி மடுவுல மட்டும் வலை போட்டுக்கிறோம்," என்றான்.

அவள் சிரித்தாள்.

"சரி, ஒரே வீச்சு. அதுக்கு மேல கேட்டா செருப்பால அடி."

"என்கிட்ட என்ன பேரம்? நான் கடையா விரிச்சிருக்கேன்? இறங்கு. வீசுறதுக்கு முன்னாடி ஒண்ணைக் கையால பிடிச்சுப் பாரு."

"கையாலயா? மீன் என்ன கோழிக்குஞ்சா?"

"இறங்கு அண்ணே."

உச்சி வெயில். தண்ணீரில் கால் வைத்ததும் வெயில் உறைக்கவில்லை. இத்தனை நேரம் கத்திய காக்கை எங்கே போனதோ தெரியவில்லை. இடுப்பளவு கறுப்புத் தண்ணீர். ஓர் அலை இல்லை.

கணுக்காலில் ஏதோ உரசியது.

பிறகு தொடையில். பிறகு நாலு பக்கமும்.

குனிந்து பார்த்தான். மீன்கள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். தோளில் கிடந்த வலையின் ஓரம் தண்ணீரைத் தொட்டது. ஒன்றுகூட விலகவில்லை. எல்லாம் அவன் பக்கமே முகம் திருப்பி நின்றன, யாரோ கூப்பிட்டு நிறுத்தியதுபோல.

கையை நீட்டினான். ஒன்று தானாக வந்து உள்ளங்கையில் படுத்தது.

தூக்கினான். துள்ளவில்லை.

நாற்பது வருடத்தில் துள்ளாத உயிர்மீனை அவன் தொட்டதில்லை. அது அவனையே பார்த்தது. வயிறு புடைத்திருந்தது. விரல் லேசாக அழுந்தியதும் சினை வழிந்து உள்ளங்கை நிறைந்தது.



"தாயி... இதுகளுக்குப் பயமே இல்லையே."

"எப்படி இருக்கும்? அதுக படவேண்டிய பயத்தையும் சேத்து உங்க ஆளுக பட்டுக்கிட்டு வந்தாங்க. இன்னைக்கு உன்னோட முடிஞ்சுது. வீசு."

மீனைத் தண்ணீருக்குள் தாழ்த்தினான். கையில் ஒட்டியிருந்த முட்டைகள் பிரிந்து கறுப்பில் இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

கால் நடுங்கத் தொடங்கியது.

நுனிகூடத் தண்ணீரில் படாதபடி வலையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். முதுகு காட்டாமல், பின்னோக்கியே நடந்து கரையேறினான்.

"சூளைக்குப் போயிட்டு வந்துடுறோம்," என்றான்.

அவளிடம் சொல்லவில்லை.