மூன்று வருட விருந்தாளி

"இன்னும் எத்தனை வருடம் நான் இந்த ஊரில் விருந்தாளி?" என்று கேட்டார் அன்ஸோர்.

ரஷ்ய மொழிப் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. பாலிமத் டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்ஸோருக்கு ஐம்பத்து நான்கு வயது. டமாஸ்கஸில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். பிறப்பால் சர்க்காசியர். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் போரில் தோற்றுக் கப்பலேறிப் போன மக்களின் வம்சம். சிரியாவில் சண்டை மூண்டபோது, மனைவியோடு முன்னோர்களின் மண்ணுக்கே திரும்பி வந்தார். காக்கசஸ் மலையடிவாரத்தில், குபான் ஆற்றங்கரையில் ஒரு சர்க்காசியக் கிராமம்.

குடியுரிமைக்கு ரஷ்ய மொழிப் பரீட்சை எழுதியாக வேண்டும். அதனால் சனிக்கிழமைதோறும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்.

பாலிமத் அவரைவிடப் பத்து வயது இளையவர். சர்க்காசியர் அல்ல. பக்கத்து மலைகளில் வாழும் கராச்சாய் இனம். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தவர்.

பெண் உள்ளே வந்தால் ஆண் எழுந்து நிற்பது அங்கே வழக்கம். பெரியவர் நிற்கும்போது சின்னவர் உட்காருவதில்லை என்பதும் வழக்கம். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் டீச்சரும் மாணவரும் கொஞ்ச நேரம் எதிரெதிரே நின்றுகொண்டே இருப்பார்கள். பிறகு ஒரே சமயத்தில் உட்காருவார்கள்.

"யார் உங்களை விருந்தாளி என்றார்கள்?" என்று கேட்டார் பாலிமத்.

"யாரும் சொல்ல வேண்டாம். எந்த வீட்டுக்குப் போனாலும் மேல் இருக்கை எனக்குத்தான். நல்ல கறித்துண்டு என் தட்டில்தான். நான் வாயைத் திறந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்."

"மரியாதைதானே?"

"மரியாதைதான். செத்துப்போனவருக்குக் காட்டுகிற மரியாதை மாதிரி இருக்கிறது."

பாலிமத் துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"டமாஸ்கஸில் என்னைச் சர்க்காசியன் என்றார்கள். இங்கே சிரியாக்காரர் என்கிறார்கள். சரி, போகட்டும். ஆனால் என் மனைவியைப் பாருங்கள். ரீம் அரபுப் பெண். அவள் வம்சத்தில் ஒருத்தர்கூட சர்க்காசியர் கிடையாது. வந்து மூன்றே மாதத்தில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள்."

"திட்டினார்களா?"

"'ஏய் ரீம், உன் கோழி என் பாத்தியைக் கிளறுது, வந்து பிடி' என்று பக்கத்து வீட்டுக் கஸ்புலாத்தின் மனைவி கத்துகிறாள். இவளும் பதிலுக்குக் கத்துகிறாள். மூன்று வருடமாகிறது. என்னை இதுவரை ஒருத்தர்கூடத் திட்டியது கிடையாது டீச்சர்."



பாலிமத் சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டார்.

"நேற்று உங்கள் வீட்டுக்கு யாராவது ஏதாவது கொண்டுவந்தார்களா?"

"கஸ்புலாத் பாலாடைக்கட்டி கொண்டுவந்தார்."

"நீங்கள்?"

"சாயங்காலமே ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன்."

"அதற்கு முன்னால்?"

"வால்நட் வந்தது. அன்றைக்கே போய் அவர்கள் வீட்டு மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தேன். நான் யாரிடமும் சும்மா வாங்கிக்கொள்கிறவன் இல்லை. அகதியாக வந்தோம் என்பதற்காக ஊரார் கையை எதிர்பார்த்து நிற்கவில்லை. ஊரில் பாதி வீட்டு ஃப்ரிட்ஜ் என் கைபட்டுத்தான் ஓடுகிறது."

"தெரியும். என்னுடையதும்தான்."

"இதற்கு மேல் நான் என்ன கொடுக்க வேண்டும்? சொல்லுங்கள்."

"கஸ்புலாத்திடம் போய் ரம்பம் கேட்டு வாங்குங்கள்."

"என்னிடமே இரண்டு ரம்பம் இருக்கிறது."

"தெரியும்."

"பிறகு எதற்கு?"

பாலிமத் மேஜைமேல் இருந்த நோட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்ஸோர் மறுநாள் கஸ்புலாத்தின் வாசல்வரை போனார்.

கஸ்புலாத் டிராக்டருக்கு அடியிலிருந்து அவசரமாக எழுந்து வந்தார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். "வாங்க, வாங்க. உள்ளே வாங்க," என்றார்.

"இல்லை. சும்மாதான். மணி என்ன என்று கேட்கலாமென்று வந்தேன்."

கஸ்புலாத் அன்ஸோரின் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மரியாதைக்காக ஒன்றும் கேட்காமல் மணி சொன்னார்.

அன்ஸோர் வீட்டுக்குத் திரும்பினார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு துணிப்பொதியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"டீச்சர், ரம்பம் கேட்க என்னால் முடியவில்லை. நாக்கு எழும்பவில்லை. என்மேல் கோபப்படாதீர்கள். இது உங்களுக்கு."

பொதியில் காப்பிக்கொட்டை அரைக்கும் பித்தளைக் கருவி இருந்தது. அவருடைய அப்பாவினுடையது. டமாஸ்கஸ் வீட்டிலிருந்து அவர் தூக்கிக்கொண்டு வந்த ஒரே சாமான். பேருந்து மாறி, எல்லை தாண்டி, மடியில் வைத்துக்கொண்டே வந்தது. கைப்பிடியில் அவர் அப்பாவின் விரல் தேய்ந்த இடம் பளபளத்தது.

பாலிமத் இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருங்கள்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் வீடு பள்ளிக்கூடத்தை ஒட்டியே இருந்தது. திரும்பி வந்தபோது கையில் ஒரு வெள்ளைச் சால்வை. ஆட்டு ரோமத்தில் அவரே பின்னியது. மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாம், அவ்வளவு மெல்லிசு. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்தால்தான் அப்படி ஒன்று முடியும்.

அதை அன்ஸோரின் கையில் வைத்தார்.

"சரியாகிவிட்டதா?" என்று கேட்டார்.

அன்ஸோருக்குப் புரியவில்லை.

"நான் இதற்காகக் கொடுக்கவில்லை டீச்சர்."

"தெரியும். ஆனால் நீங்கள் கொடுத்தீர்கள், நானும் கொடுத்துவிட்டேன். இனி உங்களுக்கும் எனக்கும் இடையில் ஒன்றும் இல்லை."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"என் அப்பாவின் சாமான் அது," என்றார் மெதுவாக.

"நல்ல சால்வைதான் இதுவும்," என்றார் பாலிமத். பிறகு புத்தகத்தைத் திறந்தார். "பாடம் பதினொன்று."

வீட்டுக்குப் போகும் வழியில் ஐந்து வீடுகள். ஒவ்வொரு வீட்டு வாசலைக் கடக்கும்போதும் அன்ஸோரின் நடை தானாகவே மெதுவானது. அந்த வீட்டிலிருந்து வந்தது என்ன, அன்றைக்கே தான் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தது என்ன என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவர்கள் அதை வாங்கிக்கொண்டபோது முகம் எப்படி இருந்தது என்பதும் ஞாபகம் வந்தது.



ஜூன் மாதம் மலையில் பனி உருகியது. அதோடு மழையும் சேர்ந்துகொண்டது. குபான் பொங்கி, பாலத்தின்மேல் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது.

அன்று காலையில் ரீம் அடுப்படியில் சுருண்டு விழுந்தாள். வலது பக்க அடிவயிற்றில் வலி. உடம்பு அனலாகக் கொதித்தது.

ஆஸ்பத்திரி அக்கரையில். ஆம்புலன்ஸ் அக்கரையில் வந்து நின்றது. பாலத்தில் இறங்க மாட்டோம் என்றார்கள்.

அன்ஸோர் யாரையும் கூப்பிடவில்லை. ரீமைத் தூக்கித் தன் பழைய காரில் கிடத்தி, தானே ஓட்டிக்கொண்டு பாலத்தில் இறங்கினார். இருபது அடி போவதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி கரைக்குத் திரும்பினார். ஈரத் தரையில் உட்காரவைத்தார்.

"கஸ்புலாத்தைக் கூப்பிடு," என்றாள் ரீம்.

"வேறு வழி ஏதாவது..."

"நான் சாகப்போகிறேன் அன்ஸோர். உன் மானத்தை அப்புறம் பார்த்துக்கொள். போய்க் கூப்பிடு."

அவர் ஓடினார்.

கஸ்புலாத்தின் வீட்டில் எல்லோரும் தினைக்களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்ஸோரைக் கண்டதும் வழக்கம்போல எழுந்து நின்றார்கள். மேல் இருக்கையைக் காலி செய்தார்கள்.

அன்ஸோர் வாசலிலேயே நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னால் முடியவில்லை," என்றார். "கஸ்புலாத், என்னால் முடியவில்லை. வா."

கஸ்புலாத் கையைக்கூடக் கழுவவில்லை. பூட்ஸுக்குள் காலை விட்டபடியே டிராக்டரை நோக்கி ஓடினார். அவர் மனைவி மெத்தையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். யார் யாருக்குச் சொன்னார்கள் என்று தெரியாது. டிராக்டர் பாலத்தை அடைவதற்குள் பன்னிரண்டு பேர் கயிறோடு நின்றார்கள். ஆடு மேய்க்கும் ஒஸ்ஸேத்திய இனக் கிழவர் வந்திருந்தார். மாவு மில் வைத்திருக்கும் அபாசா இனச் சகோதரர்கள் இருவர் வந்திருந்தார்கள். பாலிமத் புடைத்த மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

வழியில் நின்றுபோயிருந்த காரை ஓரமாகத் தள்ளிவிட்டு, டிரெய்லரில் மெத்தையைப் போட்டு ரீமைப் படுக்கவைத்தார்கள். அன்ஸோர் கயிற்றைப் பிடிக்கத் தண்ணீரில் இறங்கினார்.

"ஏய்! நீ ஏன் இறங்குறே?" என்று கத்தினார் கஸ்புலாத். "அறிவிருக்கா? ஏறி அவளைப் பிடிச்சுக்கோ! தண்ணியை நாங்க பார்த்துக்கிறோம்!"

அன்ஸோர் ஏறிக்கொண்டார்.

பாதிப் பாலத்தில், அடித்துக்கொண்டு வந்த மரம் ஒன்று டிரெய்லரில் மோதியது. வண்டி பக்கவாட்டில் நழுவியது. மேல்பக்கம் நின்றவர்கள், அதற்குள் தொடைவரை ஏறியிருந்த தண்ணீரில் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். ஒஸ்ஸேத்தியக் கிழவர் தன் தடியால் மரத்தைத் தள்ளிவிட்டுத் தன் மொழியில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். கஸ்புலாத்தின் மனைவி ரீமின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த ஒரே அரபு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அது 'வெங்காயம்' என்ற வார்த்தை. ரீம் அந்த வலியிலும் சிரித்தாள்.

அக்கரையில், ரஷ்யர்கள் வாழும் கோசாக் கிராமத்திலிருந்து நான்கு பேர் தண்ணீரில் இறங்கிக் கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தார்கள்.

இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர்.

ஒன்பது நாள் கழித்து அன்ஸோர் ரீமை வீட்டுக்குக் கூட்டிவந்தார். வெள்ளம் வடிந்திருந்தது.

கார் வாசலில் நின்றது. இன்ஜினைப் பிரித்து, உலர்த்தி, திரும்பப் பூட்டியிருந்தார்கள். சாவியைத் திருப்பியதும் ஓடியது. தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டியிருந்தது. பசுவிடம் கறந்த பால் மூடிவைத்திருந்தது. கோழிகள் எண்ணிக்கை குறையாமல் இருந்தன. தரை கழுவியிருந்தது. அடுப்பின்மேல் கோழிக்குழம்பு இன்னும் சூடாக இருந்தது.

அன்ஸோர் வெளியே போனார்.

"காரை யார் சரிசெய்தது?" என்று கஸ்புலாத்தைக் கேட்டார்.

"யாருக்குத் தெரியும்?"

"பால் கறந்தது யார்?" என்று கஸ்புலாத்தின் மனைவியைக் கேட்டார்.

"யாரோ கறந்திருப்பாங்க. மாடு பால் கொடுத்தா யாராவது கறக்கத்தானே வேணும்?"

"குழம்பு?"

"நல்லா இருக்கா?"

தெருக்கோடிவரை போய்க் கேட்டார். தெருவே தெரியாது என்றது.

சனிக்கிழமை அவர் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் எடுத்துக்கொண்டு போகவில்லை. டீச்சர் வந்ததும் எழுந்து நின்றார். டீச்சரும் நின்றார்.

"ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்," என்றார் அன்ஸோர். "யாருக்கு எதைக் கொடுப்பேன்? கயிற்றைப் பிடித்த பன்னிரண்டு பேரில் நான்கு பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அக்கரைக்காரர்களின் முகம்கூட ஞாபகம் இல்லை. ஆடு வெட்டி ஊருக்கே விருந்து வைக்கலாமா என்று பார்த்தேன். வைத்தாலும் ஈடாகாது. ரீம் காலையில் எழுந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது டீச்சர். அந்தச் சத்தத்துக்கு நான் எதைக் கொடுப்பேன்?"



அன்ஸோர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை பாலிமத் காத்திருந்தார்.

"நான் இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் எனக்குப் பையன் பிறந்தான்," என்றார். "பிரசவத்துக்குப் பிறகு ஒரு மாதம் காய்ச்சல். பால் வற்றிவிட்டது. இவர்கள் மொழியில் எனக்கு அப்போது பத்து வார்த்தைகூடத் தெரியாது. இந்தத் தெருவில் மூன்று பேர் முறை வைத்துக்கொண்டு வந்து என் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு என் பிள்ளைக்கு. சில நாள் என் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தங்கள் பிள்ளைக்கு. கஸ்புலாத்தின் மனைவி அதில் ஒருத்தி."

அன்ஸோர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதற்கு நீங்கள் என்ன ஈடு செய்தீர்கள்?"

"ஒன்றும் முடியவில்லை," என்றார் பாலிமத். "இருபத்திரண்டு வருடமாக இங்கேயே இருக்கிறேன்."