நடு அண்ணம்

தாமிரபரணிக் கரை மடமொன்றில் தீத்தாரப்பர் பாடல் ஓதக் கற்றுக்கொடுத்துவந்தார். பதினைந்து வருஷமாக அவரிடம் ஓதியவன் சேந்தன். ஓடக்காரர் குடும்பத்து அழகம்மை வந்து சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பங்குனித் திருநாளில் முதல் பாட்டை அவளே பாடட்டும் என்று ஆசான் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வாய் திறந்தால் துறையில் குளிப்பவர்கள்கூடத் தண்ணீரை மொள்ளாமல் நின்று கேட்டார்கள். அவனுக்கு வயிறு எரிந்தது. எங்கே பிசகுவாள் என்று காத்திருந்தான். அவள் பிசகவில்லை. கடைசியில் அவனே ஒரு குற்றம் கண்டுபிடித்தான்.

“ஐயா, அவளுக்கு ழகரம் வராது. நாக்கு வளைந்து அண்ணத்தை நெருங்கினால் போதும். அவள் நடுவிலே ஒட்டவைக்கிறாள். அது ளகரம்.”

“என் காதில் அப்படி விழவில்லையே.”

“காது ஏமாறும். அளந்து பார்த்துவிடலாம். நாக்கில் கரி பூசிக்கொண்டு சொன்னால், தொட்ட இடமெல்லாம் அண்ணத்தில் கறுப்பாகப் பதிந்துவிடும்.”

“சரி, அளப்போம்.”

அழகம்மை விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். மறுக்கவில்லை. தேனில் குழைத்த கரித்தூளை நாக்கில் பூசிக்கொண்டு, “மழை” என்றாள். சேந்தன் அவளை வெயிலில் நிறுத்திக் கைக்கண்ணாடி பிடித்துப் பார்த்தான். இரண்டு ஓரங்களில் மட்டும் கரி. நடு அண்ணம் சுத்தமாக இருந்தது.

“இன்னொரு தடவை.”

மூன்று தடவை சொல்லவைத்தான். நடுவில் எள்ளளவு கறுப்பும் இல்லை.

அவனையும் சொல்லச் சொல்லிப் பார்த்தார் ஆசான். அவன் அண்ணமும் அப்படியேதான் இருந்தது.

“அப்படியானால் இரண்டு பேரும் ஒன்றுதானே!” என்றான் சேந்தன். “நான் எதில் குறைந்துபோனேன், ஐயா? ஏன் அவள்?”

ஆசான் கரிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

“திரும்பப் பூசிக்கொள். இப்போது இவள் பெயரைச் சொல்.”

சேந்தன் தயங்கினான். பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

ஆசான் கண்ணாடியை அவன் கையிலேயே கொடுத்தார். அண்ணாந்து பார்த்தான். நடு அண்ணத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கரி அப்பியிருந்தது.

“ஐயா... ளகரம்!”

“பதினைந்து வருஷத்தில் நீ சொல்லிப் பழகாத சொல் இது ஒன்றுதான்” என்றார் தீத்தாரப்பர்.